தானாக ரீபூட் ஆகும் பொட்டி: சேரப்பணஞ்சேரியிலிருந்து செவ்வாய் வரை

கணினி மக்கர் பண்ணுவதில் இரண்டு ரகம் உண்டு. சொல்லிவிட்டு விழுவது ஒன்று, சொல்லாமல் விழுவது இன்னொன்று. நீலத் திரை வந்து புரியாத எண்களைக் காட்டினால் அது முதல் ரகம். பார்க்க எரிச்சலாக இருந்தாலும் அது ஒரு வாக்குமூலம். அந்த எண்ணை வைத்துத் தேடினால் ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடும். இரண்டாவது ரகம்தான் ஆளைக் கொல்லும். நீங்கள் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருப்பீர்கள். திரை கறுப்பாகும். அடுத்த நொடி கம்பெனி லோகோ வந்து நிற்கும், எதுவுமே நடக்காதது போல.

இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வகுப்பு நண்பர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பருக்கு உதவும். மற்றவர்களுக்கு, பொட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடும் முன் கொஞ்சம் யோசிக்க உதவும். நடுவில் செவ்வாய் கிரகம் வரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள் :)

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது. ஒரகடம் பக்கம் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று தொழிற்சாலைகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் எலெக்ட்ரானிக்ஸ். இவற்றுக்கெல்லாம் பாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் நடுவில். எனவே எங்கள் பக்கத்தில் கணினி என்றால் மேஜை மேல் இருப்பது மட்டும் கிடையாது. பாகத்தை அளந்து பார்க்கும் பெஞ்சில் ஒன்று இருக்கும், லேபிள் அடிக்கும் இடத்தில் ஒன்று இருக்கும், கன்வேயர் பக்கத்தில் ஒன்று இருக்கும். அதில் ஒன்று தானாக ரீபூட் ஆனால் முதலில் வரும் கேள்வி "மெஷினுக்கு என்ன ஆச்சு" என்பது இல்லை. "அங்க யார் நின்னுட்டு இருந்தது" என்பதுதான். இந்த விஷயம் வெறும் கணினி விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தானாக ரீபூட் ஆகும் பொட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்று. ரீபூட் செய்யலாம் என்று முடிவெடுத்தது யார்?

சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் கெர்னல். இயங்குதளத்தின் மையம் அது. எந்தப் ப்ரோகிராமுக்கு எவ்வளவு நேரம், யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கருவியோடு எப்படிப் பேசுவது எல்லாம் அதன் கையில். சாதாரண ப்ரோகிராம் ஒன்று தப்பு செய்தால் கெர்னல் அதை மட்டும் தீர்த்துக்கட்டிவிட்டு மற்றதை ஓட்டும். கெர்னலே தப்பு செய்தால் அதைக் கேட்க மேலே ஆள் கிடையாது. தொடர்ந்து ஓடினால் வட்டில் இருக்கும் தகவலையும் கெடுத்துவிடலாம். அதனால் தானே முன்வந்து நின்றுவிடும். லினக்ஸில் இதற்குப் பெயர் கெர்னல் பேனிக். விண்டோஸில் நீலத் திரை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க நடந்தது இதுதான். அந்த மென்பொருளின் டிரைவர் கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது. தனக்கு இல்லாத நினைவகப் பகுதியைப் படிக்கப் போனது. கெர்னல் நின்றது. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விபத்திலும் ஒரு நல்லது இருந்தது. எந்த டிரைவரால் விழுந்தோம் என்று நீலத் திரையே பெயர் சொன்னது. காரணம் தெரிய நாள் கணக்காகவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. விண்டோஸில் "ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி" என்ற இடத்தில், கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய் என்று ஒரு டிக் இருக்கிறது. எக்ஸ்பி காலத்திலிருந்தே அது முதலிலிருந்து போட்டபடிதான் வருகிறது. அதனால் கெர்னல் வாக்குமூலம் கொடுத்தாலும் நாம் படித்து முடிக்கும் முன் திரை மறைந்துவிடும். நாம் "சொல்லாமல் விழுந்தது" என்று நினைப்பதில் ஒரு பங்கு இப்படிச் சொல்லிவிட்டு விழுந்ததுதான். அந்த டிக்கை எடுத்துவிட்டாலே பாதி மர்மம் போய்விடும். லினக்ஸ் கெர்னல் தன் இயல்புப்படி பேனிக் ஆனால் அப்படியே நிற்கும். இத்தனை நொடியில் ரீபூட் ஆகு என்று யாராவது அமைத்திருந்தால்தான் ரீபூட் ஆகும்.

இரண்டாவது ஆள் ப்ராசஸர். ஒரு தவறு நடந்தால் அதைக் கவனிக்கும் ஹேண்ட்லரை ப்ராசஸர் கூப்பிடும். கூப்பிடும்போதே இன்னொரு தவறு நடந்தால் அது டபுள் ஃபால்ட், அதற்கென்று தனி ஹேண்ட்லர் உண்டு. அதைக் கூப்பிடும்போதும் தவறினால் ட்ரிபிள் ஃபால்ட். இன்டெல் வகைச் சிப்கள் அதற்கு மேல் முயற்சி செய்வதில்லை. ப்ராசஸர் கையை விரித்துவிடும், மதர்போர்டு அதைப் பார்த்து ரீசெட் கொடுத்துவிடும். திரையில் ஒரு எழுத்து வராது, வட்டில் ஒரு வரி பதிவாகாது. சொந்தமாகக் குட்டி கெர்னல் எழுதிப் பார்க்கும் நண்பர்களுக்கு இது பழகிய வலி. இன்டரப்ட் டேபிளில் ஒரு எண் தப்பினால் கியூஎமு ஜன்னல் திரும்பத் திரும்ப பூட் ஆகிக்கொண்டே இருக்கும். "நோ ரீபூட்" என்ற ஆப்ஷனைப் போட்டு ஓட்டுங்கள், மறுபடி பூட் ஆகாமல் கியூஎமு வெளியேறிவிடும்.

இந்தக் கோளாறையே வேலைக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 80286 சிப்பில் ப்ரொடெக்டட் மோடுக்குப் போனால் ரியல் மோடுக்குத் திரும்பி வர வழி வைக்கவில்லை. ரீசெட் செய்தால்தான் உண்டு. 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் விசைப்பலகையைக் கவனிக்கும் சிப்பை விட்டு ப்ராசஸரை ரீசெட் செய்தார்கள். அது மெதுவாக இருக்கிறதென்று பிறகு வேண்டுமென்றே ட்ரிபிள் ஃபால்ட் வரவழைத்தார்கள். இன்றைக்கும் லினக்ஸில் எந்த வழியில் ரீபூட் ஆகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் விசைப்பலகைச் சிப், ட்ரிபிள் ஃபால்ட் இரண்டும் இருக்கின்றன.

மூன்றாவது ஆள் மின்சாரமும் உடம்பும். வோல்டேஜ் ஒரு கணம் இறங்குவது, எஸ்எம்பிஎஸ் களைத்துப் போவது, ப்ராசஸர் சூடேறுவது, ரேமில் ஒரு செல் கெடுவது, மதர்போர்டில் கெபாசிட்டர் உப்புவது. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பல மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்த கதையைப் பழைய சர்வீஸ் ஆட்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். இதிலும் பெரும்பாலும் கெர்னலுக்கு வாய் திறக்க நேரம் இருக்காது.

நாலாவது ஆள் வாட்ச்டாக். காவல் நாய். தொழிற்சாலைக் கணினி, ரவுட்டர், விண்கலம் எல்லாவற்றிலும் இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை மென்பொருள் அதற்கு பிஸ்கட் போட வேண்டும். போடவில்லை என்றால் மென்பொருள் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி ரீசெட் பட்டனைக் கடித்துவிடும். ஆள் இல்லாத இடத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் நாய் ஏன் பட்டினி கிடந்தது என்பதை நாய் சொல்லாது.

ஆள் இல்லாத இடம் என்றதும் செவ்வாய்க்குப் போக நேரமாகிவிட்டது.

1997 ஜூலை 4. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் காற்றுப் பைகளைச் சுற்றிக்கொண்டு செவ்வாயில் குதித்துக் குதித்து இறங்கியது. உள்ளே சோஜர்னர் என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டி, எடை 10 கிலோ சொச்சம். கலத்தின் கணினி 20 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 128 எம்பி. இயங்குதளம் விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ். இறங்கிச் சில நாள் எல்லாம் அருமை. வானிலைத் தகவல் சேகரிக்க ஆரம்பித்த பிறகு கலம் தானாக ரீபூட் ஆனது. பிறகு மறுபடியும். ஒவ்வொரு ரீபூட்டுக்கும் அன்றைக்கு மீதியிருந்த வேலை மறுநாளைக்குப் போனது. கலத்தின் திட்டமிட்ட ஆயுளே 30 நாள். அதில் ஒரு நாள் பாழாவது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் நிறைய வேலை செய்யப் பார்த்ததால் கணினி திணறுகிறது என்கிற மாதிரி பத்திரிகைகளில் வந்தது.

போய்ப் பார்க்க முடியாது. சிக்னல் ஒரு பக்கம் போகவே 10 நிமிடத்துக்கு மேல். ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பூமியில் அதே கணினியின் நகல் ஒன்று இருந்தது. செவ்வாயில் ஓடிய அதே மென்பொருளை அதில் ஓட்டினார்கள். எந்த டாஸ்க் எப்போது ஓடியது, எந்தப் பூட்டை எடுத்தது, எப்போது விட்டது என்று பதிவு செய்யும் ட்ரேஸ் வசதி அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. மறந்துபோய் விட்டுவைத்தது இல்லை, எதைச் சோதித்தோமோ அதையே பறக்கவிடுவோம் என்ற கொள்கையில் வேண்டுமென்றே வைத்தது. அதை முடுக்கிவிட்டு, திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மென்பொருள் குழுத் தலைவர் கிளென் ரீவ்ஸ் பிறகு எழுதிய விவரப்படி 18 மணி நேரத்துக்குள் நகலும் விழுந்தது. இந்தத் தடவை விழுந்ததற்குச் சாட்சி இருந்தது.

நடந்தது இதுதான். கலத்துக்குள் தகவல் ஓடும் ஒரு பஸ் இருக்கிறது (தாம்பரம் பஸ் இல்லை, டேட்டா பஸ்). அதில் வருவதைப் பிரித்துக் கொடுக்கும் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை. நொடிக்கு 8 சுற்று. ஒரு சுற்று தொடங்கும்போது முந்தைய சுற்றின் வேலை முடிந்ததா என்று பார்ப்பார்கள். முடியவில்லை என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று ரீசெட். கிட்டத்தட்ட நம் காவல் நாய்தான். வானிலைத் தகவலைக் கவனிக்கும் டாஸ்க்குக்கு முன்னுரிமை குறைவு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு இருந்தது. இவற்றுக்கு நடுவே நடுத்தர முன்னுரிமையில் வேறு சில டாஸ்க்குகள்.

இதைத் தொழிற்சாலைக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஸ்டோர் ரூமுக்கு ஒரே சாவி. ஹெல்ப்பர் தம்பி சாவியை வாங்கி உள்ளே போய் ஏதோ எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் மேனேஜருக்கு ஸ்டோரில் அவசர வேலை. சரி, இரண்டு நிமிடம், தம்பி வந்துவிடுவான் என்று வெளியே நிற்கிறார். ஆனால் நடுவில் சூப்பர்வைசர் ஒருத்தர், "டேய், இங்க வா, இந்தப் பெட்டியைத் தூக்கு" என்கிறார். தம்பி சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறான். அது முடிவதற்குள் இன்னொரு சூப்பர்வைசர். சூப்பர்வைசர்களுக்கு ஸ்டோரும் வேண்டாம், சாவியும் வேண்டாம். மேனேஜர் நிற்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் மேனேஜர் அவர்கள் எல்லோருக்கும் பின்னால் வரிசையில் நிற்கிறார். கடைசியில் கெடு தாண்டி மணி அடிக்கிறது, லைனே நிற்கிறது. விசாரணையில் யார் பெயர் வரும்? சாவி வைத்திருந்த தம்பியின் பெயர்.

புத்தகத்தில் இதற்குப் பெயர் ப்ரையாரிட்டி இன்வெர்ஷன், தலைகீழ் முன்னுரிமை. நமக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருமே, அதே ஆசாமிதான். இதற்கான மருந்தும் அதே பாடத்தில் இருக்கிறது: ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். மேனேஜர் காத்திருக்கும் வரை, சாவி யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு மேனேஜரின் அந்தஸ்து. எந்த சூப்பர்வைசரும் அவனைக் கூப்பிட முடியாது. அவன் வேலையை முடித்து, சாவியைக் கொடுத்த மறுகணம் பழையபடி ஹெல்ப்பர். அவ்வளவுதான்.

கேட்க எளிது. ஆனால் பல பூட்டு, பல டாஸ்க் இருக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். அதைச் செய்த கட்டுரை 1990 செப்டம்பரில் ஐட்ரிபிள்ஈ கம்ப்யூட்டர்ஸ் ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. நடுவில் இருப்பவர் 1984-ல் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. முடித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1989-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு அங்கேயே பேராசிரியர். ஓட்டுநர் இல்லாத கார் ஆராய்ச்சியில் அவர் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோவையில் நம்மைப் போலவே லேப் ரெக்கார்டு எழுதிய ஒருவரின் பங்கும் அந்த மருந்தில் இருக்கிறது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது உண்மை.

விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த வசதி ஏற்கனவே இருந்தது. பூட்டு உருவாக்கும்போது வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். சிக்கல் கொடுத்த பூட்டில் வேண்டாம் என்று இருந்தது. அதை மாற்றினால் வேறு எங்காவது இடிக்குமா என்று சோதித்துப் பார்த்தார்கள். பிறகு மாற்றத்தை மட்டும் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அந்த ரீபூட் நின்றது. 30 நாள் திட்டமிட்ட கலம் 1997 செப்டம்பர் 27 வரை பேசியது.

அதே வருடம் டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ரியல்டைம் கணினிகளுக்கான மாநாடு. விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். கார்னகி மெலன் ஆட்கள் எழுதிய ஒரு கட்டுரைதான் இதற்கு அடிப்படை, யார் எழுதியது என்று ஞாபகமில்லை என்றாராம். எழுதிய மூவரும் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள், அரங்கமே ஆரவாரம் செய்தது. இதை அங்கே இருந்த மைக் ஜோன்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் எழுதிவைத்திருக்கிறார். தியரி பேப்பருக்குக் கைதட்டல் கிடைத்த அபூர்வமான நாள் அது.

இன்னொரு சின்ன விவரம்தான் என் மனதில் நின்றது. கலம் கிளம்பும் முன் நடந்த சோதனைகளிலேயே இந்த ரீபூட் தலைகாட்டியிருக்கிறது. மறுபடி வரவைக்கப் பார்த்தபோது வரவில்லை. ரீபூட்டின் குணமே அதுதான். விழுந்த கணினியை அதுவே துடைத்துச் சுத்தமாக்கி நிறுத்திவிடுகிறது. தடயம் அழிகிறது. அதனால் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிறதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது பக்கத்தில் நிற்கும் ஆள்.

இனி நம்ம ஊருக்குத் திரும்புவோம். என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரகடம் பக்கம் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறார். பெயர் வேண்டாம். பாகத்தைப் பொருத்தி பட்டனை அழுத்தினால் அழுத்தம், கசிவு எல்லாம் சோதித்து ரிசல்ட் எழுதும் ஒரு டெஸ்ட் பெஞ்ச் அவர் பொறுப்பு. அதன் கணினி தானாக ரீபூட் ஆக ஆரம்பித்தது. ரிசல்ட் பதிவாகாத பாகங்களை மறுபடி சோதிக்க வேண்டும், அன்றைய எண்ணிக்கை குறையும். ஷிப்ட் ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் நாலு தடவை "ஆபரேட்டர்" என்று எழுதிவிட்டார்கள். பென்டிரைவ் சொருகுகிறான், ஒயரை இழுக்கிறான் என்று பேச்சு. "அடுத்த மாசம் காண்ட்ராக்ட் ரினியூவல் வருதுடா. இப்படியே எழுதிட்டு இருந்தா என்னை எடுத்துடுவாங்க" என்றார்.

என்னை உள்ளே விட மாட்டார்கள். அவர் செல்போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனவே ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "அண்ணா, சின்ன நோட்டு ஒண்ணு பாக்கெட்ல வெச்சுக்கோங்க. ரீபூட் ஆனா முதல்ல மணி எழுதுங்க. அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு எழுதுங்க. பக்கத்து பெஞ்ச் கணினி ஓடுதா நின்னுதான்னு எழுதுங்க. உங்க வீக்லி ஆஃப் அன்னிக்கு மாத்துக்கு நிக்கிறவரையும் எழுதச் சொல்லுங்க."

11 நாளில் 17 ரீபூட். அதில் 14 ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்துக்குள். பக்கத்து பெஞ்ச் ஒரு தடவைகூட விழவில்லை, இரண்டுக்கும் ஒரே யுபிஎஸ். அண்ணன் ஆஃபில் இருந்த நாளிலும் இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

அந்தக் கடைசி வரியே அவருக்குப் போதும். ஆனாலும் மெயின்டனன்ஸில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். நோட்டைப் பார்த்துவிட்டு விண்டோஸ் ஈவன்ட் வியூவரைத் திறந்தார். கெர்னல் பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தது. முறையாக அணைக்காமல் கணினி ரீபூட் ஆனது என்பதற்கு விண்டோஸ் எழுந்த பிறகு போடும் குறிப்பு அது. அதற்குள் பக்செக் எண் என்று ஒன்று இருக்கும். நீலத் திரையால் விழுந்திருந்தால் அதில் அந்த எண் பதிவாகும். இங்கே எல்லாவற்றிலும் பூஜ்யம். அப்படியானால் கெர்னல் தானாக நின்றதாகத் தெரியவில்லை. மின்சாரம் என்றால் பக்கத்து பெஞ்சும் விழ வேண்டும், ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்தும் விழாது. மிச்சம் இருப்பது நாலாவது ஆள். அந்தத் தொழில்துறைக் கணினியில் வாட்ச்டாக் இருந்தது.

பெஞ்ச் மென்பொருளை எழுதியவர்களின் இன்ஜினியர் வந்து பார்த்துச் சொன்னது இது. ஷிப்ட் முடியும்போது எல்லா பெஞ்சும் ஒரே நேரத்தில் மொத்த ரிசல்ட்டையும் சர்வருக்கு அனுப்பும். சர்வர் மெதுவாகும். அனுப்பும் பகுதி ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும். காவல் நாய்க்கு பிஸ்கட் போடும் பகுதிக்கும் அதே பூட்டு வேண்டும். சர்வர் ரொம்ப மெதுவான நாளில் நாய் பட்டினி. அண்ணனின் பெஞ்சில்தான் அதிகப் பாகம் ஓடும் என்பதால் அதிகத் தகவலும் அங்கேதான். ரிசல்ட்டை முதலில் சொந்த வட்டில் எழுதி, பிறகு சாவகாசமாக அனுப்பும்படி மாற்றினார்கள். அதன் பிறகு விழவில்லை.

செவ்வாய்க் கலத்துக்கு வந்த அதே வியாதி என்று சொல்ல மாட்டேன். அங்கே முன்னுரிமைச் சண்டை, இங்கே பூட்டைப் பிடித்தபடி தூங்கியது. தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு பொதுக் குணம் உண்டு. எந்தத் தனிப் பகுதியும் அதனளவில் தவறு செய்யவில்லை. வானிலை டாஸ்க் தன் வேலையைத்தான் செய்தது. சேர்த்துப் பின்னிய விதத்தில்தான் ஓட்டை.

ரிஜிஸ்டரில் பழைய நாலு வரியை யாரும் அடிக்கவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. காண்ட்ராக்ட் மட்டும் ரினியூ ஆனது. அதுவே பெரிசு என்கிறார் அவர்.

உங்கள் பொட்டி இப்படி விழுந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எதையும் மாற்றாதீர்கள், ஃபார்மட் அடிக்காதீர்கள். மணியை எழுதுங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை நீலத் திரை நின்றால் சந்தேகம் கெர்னல், டிரைவர் பக்கம் போகிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் அந்த நேரத்து நிலை சேமிக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் என்றால் போன பூட்டின் பதிவில் கடைசி வரிகளைப் பாருங்கள். அதில் பேனிக் பற்றி எதுவும் இல்லை என்றால், வட்டில் எழுத நேரமில்லாமல் விழுந்திருக்கலாம். அப்போது நெட்கன்சோல் என்ற வசதியைப் போட்டு, கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்புங்கள். விழுகிறவன் கடைசியாகச் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டு வைத்துக்கொள்வது போல. கேடம்ப் என்று இன்னொன்று உண்டு. பேனிக் ஆனதும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடத்திலிருந்து இரண்டாவது கெர்னல் எழுந்து, முதலாவதின் நினைவகத்தைப் படம் பிடித்து வைக்கும்.

எதிலும் தடயம் இல்லை என்றால் உடம்பைப் பாருங்கள். ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். மூடியைத் திறந்து ஃபேன் தூசி, கெபாசிட்டர் உப்பல் பாருங்கள். வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பாருங்கள், வேறு யுபிஎஸ்ஸில் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றினால் சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. பொட்டி மதியம் மட்டும் விழுகிறதா, பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் விழுகிறதா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது, உங்கள் நோட்டுதான் சொல்லும்.

தகவலுக்காக ஒன்று. ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் லினக்ஸில் சாதாரண ப்ரோகிராம்களும் பயன்படுத்தும்படி 2006-ல் 2.6.18 கெர்னலில் வந்தது. நேரக் கெடுவுக்குள் வேலை முடிக்க வேண்டிய கணினிகளுக்கான ரியல்டைம் பேட்ச், பல வருடம் வெளியே இருந்துவிட்டு 2024-ல் 6.12 கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது. ஆர்வமுள்ளவர்கள் மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், நம் சிலபஸில் இருக்கும் பெயர்கள் அப்படியே அங்கே இருக்கின்றன.

நம்மில் பாதிப் பேர் படித்து முடித்து இதே சாலையில் ஏதோ ஒரு கேட்டுக்குள் போகப் போகிறோம். சிலர் மெயின்டனன்ஸில் இருப்போம், சிலர் அந்த மென்பொருளை எழுதுவோம், சிலர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவோம். காரணம் என்ற கட்டத்தில் "இன்னும் தெரியவில்லை" என்று எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை. தெரியாத வரை அதை எழுதுங்கள். பிறகு கணினிக்கு ஒரு சாட்சி ஏற்பாடு செய்யுங்கள்.